புல்லட் ஓட்டுவது யாருக்குக் கலகம்?

கடந்த ஞாயிறு மாலை தட்டாஞ்சாவடியில் ஒரு தோழரின் வீட்டு மாடியில் படம் பார்த்தோம். வாசிப்பு வட்டத்தில் அன்று பதினோரு பேர். வெள்ளை வேட்டிதான் திரை. படம், 1969-இல் வந்த 'ஈஸி ரைடர்'. நீளமாக முடி வளர்த்த இரண்டு வெள்ளை இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் அமெரிக்காவைக் கடந்து போகிறார்கள். கடைசியில் பிக்கப் வண்டியில் வந்த இரண்டு பேர், முன்பின் பார்த்திராத அவர்களைத் துப்பாக்கியால் சுடுகிறார்கள். படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இரவில் உணவு டெலிவரி செய்யும் கல்லூரித் தோழர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "தோழர், அவங்களுக்கு இது கிளைமாக்ஸ். நம்ம பக்கம் இங்கிருந்துதான் படமே ஆரம்பிக்கும்."

நாங்கள் ஒரு வாரமாக அந்த வரியைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பைக்கும் தோல் ஜாக்கெட்டும் மண்டையோட்டுச் சின்னமும் கலகத்தின் அடையாளங்கள் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தது ஹாலிவுட்டின் மலிவுப் படங்கள். 1966-இல் ரோஜர் கார்மன் எடுத்த 'தி வைல்டு ஏஞ்சல்ஸ்' குறைந்த செலவில், சில வாரங்களில் எடுத்து முடிக்கப்பட்டது. வசூல் கொட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் அதே அச்சில் வரிசையாகப் படங்கள் வந்தன. அந்தப் படத்தின் கலகக்காரர்கள் உடம்பில் எதை மாட்டியிருந்தார்கள் தெரியுமா? நாஜிகளின் ஸ்வஸ்திகா. அப்பா அம்மாவுக்கும் போலீசுக்கும் அதிர்ச்சி கொடுக்க அது போதுமானதாக இருந்தது. அந்தச் சின்னத்தின் பெயரால் கொல்லப்பட்ட லட்சக்கணக்கான மக்களுக்கு அந்தக் கலகத்தில் இடமில்லை. யாரை எதிர்க்கிறோம், யாரோடு நிற்கிறோம் என்ற கேள்வி இல்லாத கலகம் கடைசியில் வெறும் உடை அலங்காரமாகத்தான் முடியும்.

'ஈஸி ரைடர்' அந்த வரிசையில் மேலான படம். அதனால்தான் அதைப் போட்டோம். ஆனால் அதிலும் ஒரு கதை மறைந்திருக்கிறது. படத்தின் உண்மையான நாயகர்கள் என்று சொல்லத்தக்க அந்த நீண்ட முன்கால் வைத்த 'சாப்பர்' வண்டிகளை உருவாக்கியவர்கள் இரண்டு கறுப்பர்கள். ஒருவர் கிளிஃப் வாஸ், அமெரிக்கத் தெற்கில் நிறவெறிக்கு எதிராகப் போராடிய மாணவர் அமைப்பில் பணியாற்றியவர். இன்னொருவர் பென் ஹார்டி, லாஸ் ஏஞ்சல்ஸின் கைதேர்ந்த மெக்கானிக். படத்தின் பெயர்ப்பட்டியலில் இருவரும் இல்லை. திரையில் அந்த வண்டிகளை ஓட்டும் நாயகர்கள் வெள்ளையர்கள். பறை யார் செய்தது, யார் அடித்தது, மேடையில் யார் பெயர் வாங்கினார்கள் என்று கேட்டுப் பழகிய நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி கலிபோர்னியாவின் ஆல்டமான்ட்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் இசை நிகழ்ச்சி நடந்தது. மேடைப் பாதுகாப்புக்கு நின்றவர்கள் 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' பைக் கும்பல். மெரடித் ஹன்டர் என்ற 18 வயதுக் கறுப்பு இளைஞர் அங்கே குத்திக் கொல்லப்பட்டார். ஹன்டர் துப்பாக்கியை உருவினார், இது தற்காப்பு என்று வாதிடப்பட்டது, குத்தியவர் விடுதலையானார். சட்டத்துக்கு வெளியே நிற்பதாகப் பெருமை பேசிய கும்பலில் ஒருவருக்கு, தேவைப்பட்டபோது சட்டம் துணைக்கு வந்தது.

இனி நம் கதைக்கு வருவோம்.

1901-இல் சிறுவன் அம்பேத்கரும் அண்ணனும் அக்காவின் மகன்களும் அப்பாவைப் பார்க்கப் போகும் வழியில் ரயில் நிலையத்தில் நின்றார்கள். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஒரு மாட்டு வண்டியும் வரவில்லை. இரட்டிப்புக் கூலி பேசிய பிறகும், பிள்ளைகள்தான் வண்டியை ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூட நடந்து வருவார் என்று ஏற்பாடானது. வண்டி என்பது நமக்கு அன்றிலிருந்தே சாதிக் கேள்வி. ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன கதை, நம்மில் பலர் வீட்டில் தாத்தா சொல்லக் கேட்டதுதான்.

2012-இல் தருமபுரி நத்தம் காலனியிலும் அக்கம்பக்கக் குடியிருப்புகளிலும் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன, சூறையாடப்பட்டன. வீட்டு வாசலில் நின்ற வண்டிகளும் எரிந்தன. அந்த ஆண்டுதான் பாமக நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசிவந்தார். கவனியுங்கள்: ஹாலிவுட்டில் கலகக்காரனின் சீருடையாக விற்ற அதே ஜீன்ஸ், அதே கண்ணாடி, நம் பையன் போட்டால் குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கையில் வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியது பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அந்த மாணவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. சொந்த ஊரில் சொந்த வண்டியில் போனார், அவ்வளவுதான்.

2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை. செருப்பு, புதுத்துணி, திருமண ஊர்வலம், மாப்பிள்ளை ஏறும் குதிரை எல்லாம் அதே பட்டியலில் இருக்கின்றன. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை ஒரு நாடாளுமன்றம் உரிமை என்று தனியாக எழுதிவைக்க வேண்டியிருந்தது என்றால், இந்த நாட்டில் யார் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்? வண்டி ஓட்டும் நாமா, அரிவாளோடு வழிமறிப்பவர்களா?

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், சாதி மாறி மணம் முடித்த இளம் தம்பதியை வெட்டிய கும்பலும் பைக்கில்தான் வந்தது. நம் மண்ணின் உண்மையான சட்டவிரோத பைக் கும்பல் அதுதான். அதற்கு மண்டையோட்டு ஸ்டிக்கர் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை காலை ராஜீவ் காந்தி சிலைச் சந்திப்பில் நின்று பாருங்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் லட்ச ரூபாய் வண்டிகள் இரைச்சலோடு புதுச்சேரிக்குள் வரும். ஜாக்கெட்டில் சுதந்திரம், கலகம் என்று எழுதியிருக்கும். திங்கட்கிழமை அவர்கள் அலுவலகத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்கள் மீது நமக்குக் கோபமில்லை, சாலை எல்லாருக்கும்தான். ஆனால் நகரின் இன்னொரு சிக்னலில், தவணை கட்டி முடியாத வண்டியில் டெலிவரிப் பையோடு போகும் நம் தோழரை நிறுத்தி, எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும், "எந்த ஏரியா?" என்று கேட்கிறார்கள். ஏரியா பெயரைக் கேட்ட பிறகு குரல் மாறுகிறது. ஒரே நகரம்தான். ஒருவருக்கு வார இறுதி விளையாட்டாக இருப்பது இன்னொருவருக்கு விசாரணையாக இருக்கிறது.

தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும், வீலிங் எடுத்து ரீல்ஸ் போடுவதும் எங்களுக்குத் தெரியும். குனிந்தே போன தலைமுறைக்குப் பிறகு நிமிர்ந்து போக ஆசைப்படுவதைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் அந்தக் கலகத்தின் விலை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளை வீலிங் எடுத்துப் பிடிபட்டால் அபராதத்தோடு, ஒரு போன் காலோடு முடியும். நம் பிள்ளை பிடிபட்டால் வழக்கு, அரசு வேலைக்கான சரிபார்ப்பில் அதே வழக்கு, தவணை தவறிய வண்டியைத் தூக்கிப் போகும் பைனான்ஸ்காரர். கீழே விழுந்தால் மருத்துவமனை வாசலில் நிற்பதும் நம் அம்மாதான். அவர்களுடைய உடையை நாம் கடன் வாங்கலாம். அவர்களுக்குப் பின்னால் இருக்கும் பாதுகாப்பு நமக்குக் கிடைக்காது.

அப்படியானால் நம் கலகம் எது? ஹெல்மெட்டை மாட்டி, உரிமத்தைப் பையில் வைத்து, ஊர்த்தெருவின் நடுவில் மிதமான வேகத்தில் வண்டி ஓட்டிப் போவது. தடுத்தால் நாள், நேரம், இடம், சொன்ன சொல் எல்லாவற்றையும் அன்றே எழுதிவைப்பது. புகாரில் 'மோட்டார் சைக்கிள்' என்ற சொல்லைச் சட்டத்தின் பிரிவோடு சேர்த்து எழுதுவது. புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரியையும் அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவு தண்டிக்கும் என்பதை நினைவூட்டுவது. தனியாகப் போகாமல் நான்கு பேராகக் காவல் நிலையத்துக்குப் போவது. இதற்குப் பின்னணி இசை கிடையாது. ஆனால் சாதி இதற்குத்தான் பயப்படுகிறது.

வாஸும் ஹார்டியும் செய்த வண்டிகளில் வேறு யாரோ நாயகர்கள் ஆனார்கள். நம் வண்டியை நாமே ஓட்டுவோம், நம் பெயரிலேயே ஓட்டுவோம்.

ஜெய்பீம்.