சாமி எங்கேயும் ஓடிப் போயிடாது!

ரிட்டயர் ஆன அப்பா அம்மாவுக்குக் கேதார்நாத் டூர் புக் பண்ணிக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கமாகி வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பயணத் திட்டத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். ஏ.சி. வண்டியா, காலை டிபன் உண்டா என்பதெல்லாம் அப்புறம். ஒவ்வொரு ராத்திரியும் அவர்கள் எந்த உயரத்தில் தூங்கப் போகிறார்கள்? அதைப் பாருங்கள்.

'கொடைக்கானல் போய் வந்தவங்கதானே, மலை பழக்கம்தான்' என்பீர்கள். கொடைக்கானல் சுமார் 7,000 அடி. கேதார்நாத் 11,700 அடிக்கும் மேல்! அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. உடம்பு பழகிக்கொள்ளும், அதற்கு நாள் வேண்டும். நாம் அந்த நாளைத்தான் கொடுப்பதில்லை.

ஹரித்வாரில் விடிகாலையில் வண்டி ஏறி, ராத்திரி குப்தகாசி. மறுநாள் இருட்டோடு எழுந்து கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டர் ஏற்றம். 2013 வெள்ளத்தில் பழைய பாதை அடித்துக்கொண்டு போனபின் போட்ட வழி இது. கௌரிகுண்ட் 6,500 அடி; ஆக, ஒரே நாளில் 5,000 அடிக்கு மேல் ஏறுகிறார் உங்கள் அறுபத்தைந்து வயது அப்பா. ஹெலிகாப்டரில் போனால் கால் வலி மிச்சம். ஆனால், அதே உயரத்தில் சில நிமிஷங்களில் இறக்கிவிட்டால் நுரையீரல் என்ன செய்யும், பாவம்! 2022 சார்தாம் யாத்திரையில் மட்டும் சுமார் 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மாரடைப்பு, மூச்சுத் திணறல்.

ரிட்டயர் ஆனவருக்கு என்ன லீவு பிரச்னை? அவசரம் டூர்க்காரருக்குத்தான். குப்தகாசியில் இரண்டு ராத்திரி தங்கட்டும். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஊக்கிமட், மேலே சௌகம்பா பனிச் சிகரம். அங்கே காலையும் மாலையும் மெதுவாக நடந்தாலே போதும், பாதிப் புண்ணியம் கிடைத்துவிடும் என்பேன். அடுத்த ராத்திரி கௌரிகுண்டில். அதற்கப்புறம் ஏறட்டும்.

பி.பி., சர்க்கரை, இதய நோய் இருந்தால் கிளம்புவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். ஏற்றம் ஏறும் பழக்கம் இல்லாதவர்கள் இரண்டு மாதம் முன்னாலிருந்தே தினமும் மாடிப்படி ஏறி இறங்கட்டும். மேலே போனதும் தலைவலி, குமட்டல் வந்தால் 'டீ குடிச்சா சரியாயிடும்' என்று மேற்கொண்டு ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ ராத்திரியானாலும் உடனே டாக்டரிடம் காட்டிக் கீழே இறக்கிவிட வேண்டும். கோயில் வாசலே எதிரில் தெரிந்தாலும்தான்!

டூர்க்காரரிடம் கூடுதல் நாள் கேளுங்கள். 'செலவாகும் சார்' என்பார். ஆகட்டும். ஹெலிகாப்டருக்கென்று எடுத்து வைத்த பணத்தை இதற்குக் கொடுங்கள்.