மண்ணெண்ணெயைக் கீழே வையுங்கள்



கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். நேற்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பேத்தி முறையாகும் ஒரு பிள்ளைக்குத் தலையில் பேன், ஓயாத அரிப்பு என்று செய்தி வந்தது. பத்து நிமிடத்தில் வைத்தியம் குவிந்துவிட்டது. மண்ணெண்ணெய் தடவித் துணியால் கட்டு. எறும்புச் சாக்பீஸைத் தேய். மொட்டை அடித்துவிடு, முடிதானே, வளரும்.

சாக்பீஸ் சொன்னவர் என்னிடம் அறிவியல் படித்தவர்! அது தரைக்குச் செய்த பூச்சிமருந்து ஐயா, பிள்ளையின் தலைக்கு அல்ல. மண்ணெண்ணெய் பட்டால் தோல் வெந்து புண்ணாகும், அடுப்புப் பக்கம் போனால் பற்றிக்கொள்ளும். ரேஷனில் மண்ணெண்ணெய் குறைந்துபோனதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டென்றால் அது இதற்காகத்தான்.

நானும் ஒன்றும் யோக்கியமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேன் இருந்த ஒரு பெண்ணைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தேன். மறுநாள் அவள் அம்மா முடியை ஒட்ட வெட்டி, தலையில் துண்டைச் சுற்றி அனுப்பிவைத்தார். வகுப்பே சிரித்தது. நான் அதட்டினேன், ஆனால் ஆரம்பித்து வைத்தது நான்தானே.

பேன் பறக்காது, தாவாது. தலையும் தலையும் ஒட்டும்போது ஊர்ந்து போகும், அவ்வளவுதான். ஒரே பாயில் படுக்கிற பிள்ளைகளுக்கு வராமல் என்ன செய்யும்? தினமும் தலை குளிக்கிற வீட்டிலும் வரும். இதில் அழுக்கு, சாதி, வசதி என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆவதில்லை.

கடிக்கும்போது தெரியாது. அதன் எச்சில் ஒத்துக்கொள்ளாமல்தான் அரிக்கிறது. முதல் தடவை என்றால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம்கூட ஆகலாம். அதனால் நேற்று பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் மேல் பழி போடாதீர்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பாருங்கள், சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்பு இருக்கும். பொடுகு ஊதினால் உதிரும். ஈர் முடியோடு ஒட்டியிருக்கும், நகத்தால் உருவினால்தான் வரும். கொசுக்கடி என்றால் நெற்றியில் ஒன்றிரண்டு வீக்கம், தானாக அடங்கிவிடும்.

முடியை நனைத்து, கண்டிஷனரோ தேங்காய் எண்ணெயோ தடவி, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். 3 நாளுக்கு ஒரு முறை, 2 வாரம். பொறுமைதான் மருந்து. அது போதாவிட்டால் மருந்துக் கடையில் 1 சதவீதப் பெர்மெத்ரின் லோஷன் கிடைக்கும். 10 நிமிடம் வைத்து அலசி, 9ஆம் நாள் மறுபடியும் போட வேண்டும், முதல் தடவை தப்பிய ஈர் அதற்குள் பொரித்திருக்கும். இந்த இரண்டாம் முறையை விட்டுவிட்டுத்தான் 'மருந்து கேட்கவில்லை' என்கிறோம். கைக்குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கூடாது. வீட்டில் எல்லார் தலையையும் அன்றைக்கே பாருங்கள், தாத்தா உட்பட. சொறிந்து சீழ் வைத்தாலோ, கழுத்தில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, பேனுக்காக யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாதமியும் அதையே சொல்கிறது. மாலையில் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போதும்.

பேத்தியின் அம்மாவுக்கு: சாயங்காலம் நானே சீப்போடு வருகிறேன். அதற்குள் அந்த மண்ணெண்ணெய் கேனை வெளியே எடுத்து வைத்துவிடம்மா.