நல்ல பாம்பு கெட்ட பாம்பு ஆன கதை

நாகப்பாம்புக்குத் தமிழில் 'நல்ல பாம்பு' என்று பெயர். கடித்தால் ஆள் காலி. இருந்தாலும் அது நல்ல பாம்புதான்! கள்ளக்குறிச்சிப் பக்கம் அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கும் மேடைகளைப் பார்த்தால், பின்னிப் பிணைந்த நாகர் கற்கள் மஞ்சள் குங்குமத்தோடு நிற்கும். ஆடி வெள்ளிக்குப் புற்றில் பால் ஊற்றி முட்டை வைப்பார்கள். படம் எடுத்த நாகம் என்றால் இந்த ஊர்களில் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டிய சமாச்சாரம்.

இதே தமிழ்நாட்டுக் கடைகளில் 1990களில் ஒரு பொம்மை தொங்கியது. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் சிப்பாய், கை கால் எல்லாம் மடங்கும், கூடவே குட்டித் துப்பாக்கி. பெயர் ஜி.ஐ. ஜோ. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் கம்பெனி விற்றது. (அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் நம்ம ஊர் டயர் கம்பெனி எம்.ஆர்.எஃப்.பும் சேர்ந்து 1987-ல் தொடங்கியது அது.) அச்சு அமெரிக்காவினுடையது, வண்ணம் மட்டும் இங்கே அடித்தது. பச்சைச் சட்டைக்காரன் இங்கே வேறு நிறத்துக்கு மாறியிருப்பான். அந்த விசித்திர வண்ணங்களுக்காகவே வெளிநாட்டில் பொம்மை சேகரிக்கிறவர்கள் இன்றைக்கும் ஃபன்ஸ்கூல் பொம்மைகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்பது தனிக்கதை.

அந்த ஜி.ஐ. ஜோ வரிசையில் இரண்டு கட்சிகள். ஒன்று நல்லவர்கள். இன்னொன்று உலகத்தையே பிடிக்கத் துடிக்கும் பயங்கரவாதக் கூட்டம். அதன் பெயர் கோப்ரா. நெஞ்சில் சிவப்பாக ஒரு சின்னம்: படம் எடுத்த நல்ல பாம்பு!

காலையில் புற்றுக்குப் பால் ஊற்றிய அம்மாவின் பிள்ளை மாலையில் அதே பாம்பைக் குப்புறத் தள்ளி ஜெயிக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் வேடிக்கைதான். இந்தப் பாம்பு எங்கிருந்து வந்தது? புராணத்திலிருந்தா? காட்டிலிருந்தா? இரண்டும் இல்லை, ஒரு மீட்டிங்கிலிருந்து வந்தது.

ஹாஸ்ப்ரோ 1964-ல் ஜி.ஐ. ஜோவை முதலில் விட்டபோது அது ஒரு அடி உயரச் சிப்பாய். அதற்கு எதிரிக் கட்சி என்று எதுவும் கிடையாது. 1982-ல் சின்ன அளவில் மறுபடி கொண்டுவந்தபோதும் கம்பெனியின் திட்டத்தில் வீரர்கள்தான் இருந்தார்கள், வில்லன் இல்லை. விளம்பரத்துக்காக மார்வெல் காமிக்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டார்கள். கதை எழுதுகிறவர்கள் கேட்ட முதல் கேள்வியே, 'சரி, இவர்கள் யாரோடு சண்டை போடுவார்கள்?' என்கிற மாதிரிதான் இருந்தது. அப்போது ஆர்ச்சி குட்வின் என்ற மார்வெல் ஆசிரியர் எடுத்துக் கொடுத்த பெயர்தான் கோப்ரா. வில்லன் பொம்மையை யார் வாங்குவார்கள் என்று ஹாஸ்ப்ரோ முதலில் தயங்கியது. பிறகு லாரி ஹாமா என்பவர் காமிக்ஸையும், ஒவ்வொரு பொம்மையின் அட்டைக்குப் பின்னால் வரும் ஜாதகக் குறிப்பையும் எழுதி, அந்தக் கூட்டத்துக்கு ஊர், பேர், குணம் எல்லாம் கொடுத்தார். ஆக, கட்சி பிறந்தது கொள்கையால் இல்லை. விற்பனைக்கு எதிரி தேவைப்பட்டான், எதிரிக்குப் பெயர் தேவைப்பட்டது, பெயருக்கு ஏற்ற படம் நெஞ்சில் ஏறியது. அவ்வளவுதான்!

இன்னொரு கூத்து. கோப்ராவின் தலைவர் பொம்மை முதன்முதலில் வந்தபோது அதன் நெஞ்சில் அடித்த பாம்புச் சின்னம் சரியாக வரவில்லை. படமும் தலையும் திட்டுத் திட்டாக விழுந்து, பார்க்கிறவர்களுக்கு மிக்கி மவுஸ் மாதிரி தெரிந்தது. சேகரிப்பாளர்கள் இன்றும் அதை 'மிக்கி மவுஸ் கமாண்டர்' என்றுதான் சொல்கிறார்கள். உலகையே மிரட்ட வந்த பாம்பு, பெயிண்ட் கொஞ்சம் பிசகினால் எலி.

இங்கிலாந்தில் கதை இன்னும் மோசம். அங்கே பாலிடாய் என்ற கம்பெனி 'ஆக்‌ஷன் ஃபோர்ஸ்' என்று ஒரு வரிசை விட்டிருந்தது. அதில் வில்லன் கட்சி 'ரெட் ஷேடோஸ்', தலைவர் பேரன் அயர்ன்பிளட். சில காலம் கழித்து அமெரிக்காவின் கோப்ரா பொம்மைகளை அங்கேயும் விற்க முடிவானது. பழைய கட்சியை என்ன செய்வது? காமிக்ஸில் அந்தத் தலைவர் தன் ஆட்களையே காட்டிக் கொடுத்துவிட்டு, முகமூடி மாற்றி, கோப்ரா கமாண்டர் ஆகிவிட்டார். கட்சித்தாவல் நம் அரசியல்வாதிகள் கண்டுபிடித்தது என்று யாராவது சொன்னால் இனிமேல் நம்ப வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பக்கம் வந்தால் இந்த ரகசியம் இன்னும் பச்சையாகத் தெரியும். காராகவும் விமானமாகவும் உருமாறும் அந்த ரோபோக்கள் ஜப்பானின் டகாரா கம்பெனி பொம்மைகள். டயக்ளோன், மைக்ரோமேன் என்று இரண்டு வெவ்வேறு வரிசைகள். டயக்ளோனில் ரோபோ என்பது உள்ளே குட்டி ஆள் உட்கார்ந்து ஓட்டும் வண்டி. தானாகப் பேசும், தானாகக் கோபப்படும் கதையெல்லாம் அப்போது இல்லை. ஹாஸ்ப்ரோ இவற்றை வாங்கி ஒரே பெட்டியில் கலந்து 1984-ல் விற்றபோதுதான் மார்வெலில் பாப் புடியான்ஸ்கி உட்கார்ந்து பெரும்பாலான ரோபோக்களுக்குப் பெயரும் குணமும் எழுதினார். மெகட்ரான் என்ற பெயர் ரொம்பப் பயமாக இருக்கிறதே என்று கம்பெனி தயங்கியதாம். வில்லன் என்றால் பயமாகத்தானே இருக்க வேண்டும் என்று அவர் சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

யார் நல்லவர், யார் கெட்டவர் என்று எப்படிப் பிரித்தார்கள்? பெரும்பாலும் உருவத்தை வைத்து. கார், லாரி என்றால் ஆட்டோபாட், நல்ல கட்சி. துப்பாக்கி, போர் விமானம் என்றால் டிசெப்டிகான், கெட்ட கட்சி. நடுவில் ஒரு டேப் ரெக்கார்டர் மாட்டிக்கொண்டது. அதை ஒட்டுக்கேட்கும் உளவாளி ஆக்கிக் கெட்டவர்களோடு சேர்த்துவிட்டார்கள். மறுவருஷம் இன்னொரு டேப் ரெக்கார்டர் வந்தது, அது பாட்டுப் போடும் நல்லவன்! இரண்டும் ஒரே கடையில் வாங்குகிற சாமான்தானே... என்ன பாவம் செய்தது முதல் டேப் ரெக்கார்டர்?

அப்புறம் அந்தப் பெயர். டிசெப்டிகான் என்பது ஏமாற்றுதல் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. எந்தக் கூட்டமாவது தனக்குத்தானே 'அகில உலக வஞ்சகர் கழகம்' என்று போர்டு மாட்டிக்கொள்ளுமா? அது எதிராளி வைத்த பெயர், அல்லது கதை சொல்கிறவன் வைத்த பெயர். ஜப்பானில் அதே கட்சிகளுக்கு சைபர்ட்ரான், டெஸ்ட்ரான் என்று வேறு பெயர்கள்.

சின்னத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1985 முதல் பொம்மையில் சதுரமாக ஒரு கறுப்பு ஒட்டு வந்தது. விரலால் தேய்த்துச் சூடாக்கினால் அந்த ரோபோ எந்தக் கட்சி என்று சின்னம் தெரியும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. கம்பெனிக்கு, போலிச் சரக்கிலிருந்து தன் சரக்கைப் பிரித்துக் காட்டும் முத்திரை. ஆக்மார்க் மாதிரி.

எல்லாக் கம்பெனியும் இப்படி இல்லை. லெகோ 1984-ல் விட்ட கோட்டை வரிசையில் சிங்கக் கேடயக்காரர்களும் கருப்பு வல்லூறுக் கேடயக்காரர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் சிரித்த முகம்தான். யார் வில்லன் என்று பெட்டியில் எழுதவில்லை. விளையாடும் பிள்ளை முடிவு செய்துகொள்ளலாம். இது தமிழ் வாசகருக்கு ரொம்பப் பழக்கமான ஏற்பாடு. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல். அது கொடியில். தலையில் சூடிக்கொள்ள முறையே பனை, ஆத்தி, வேம்பு. இதில் எது கெட்டவன் சின்னம்? எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியது யார் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான்.

போர்த் திணைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. மாட்டைக் கவர்ந்து போகிறவன் சூடுவது வெட்சி, மீட்கப் போகிறவன் சூடுவது கரந்தை. கோட்டையை முற்றுகையிட்டால் உழிஞை, உள்ளேயிருந்து காத்தால் நொச்சி. அதாவது பூ ஆளுக்கு இல்லை, அன்றைய வேலைக்கு. இன்று மாடு பிடிக்கப் போனவனின் மாட்டை நாளை இன்னொருவன் ஓட்டிப் போனால் இவன் கரந்தைக்காரன். இரு தரப்பும் நேருக்கு நேர் மோதும் தும்பையில் இரண்டு பேருக்கும் ஒரே பூ! இதை விடப் பக்குவமான கட்சிச் சின்னத் திட்டம் எந்தப் பொம்மைக் கம்பெனியிடமும் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

சின்னம் தோற்றுப்போகும் இடமும் அங்கேயே இருக்கிறது. புறநானூற்றின் 45-ஆம் பாட்டில் கோவூர் கிழார், முற்றுகையிட்டு நிற்கும் நலங்கிள்ளி, கோட்டைக்குள் அடைத்துக்கொண்டிருக்கும் நெடுங்கிள்ளி என்ற இரண்டு சோழர்களிடம் பேசுகிறார். எதிரில் நிற்பவன் தலையில் பனையும் இல்லை, வேம்பும் இல்லை, உன் பூவாகிய ஆத்திதானே இருக்கிறது என்பது அவர் வாதம். யார் ஜெயித்தாலும் தோற்பது அதே குடி.

அடுத்த பாட்டான 46 கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு நெருக்கமானது. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவலூர்தான் மலையமான்களின் ஊர். அந்த மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடறக் கிள்ளிவளவன் நிறுத்தியிருக்கிறான். அதே கோவூர் கிழார் தடுக்க வருகிறார். அந்தச் சின்னஞ்சிறுசுகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிடுகின்றன, சுற்றி நிற்கும் புதுக் கூட்டத்தைப் பார்த்து மிரளுகின்றன. அவற்றுக்குத் தாங்கள் 'எதிரிக் கட்சி' என்பதே தெரியாது.

பெயரும் சின்னமும் பொம்மையோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. நிற்பதில்லை. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே தெரியும் கல்வராயன் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டவுடன் 'கள்வர்' என்று காதில் வாங்கி, அதற்கு ஒரு கதையும் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அங்கே வாழ்கிற பழங்குடி மக்களின் பெயர் மலையாளி. மலையை ஆள்பவர், மலைக்காரர் என்ற பொருள். (கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அவர்கள் பேசுவது தமிழ்.) சுற்றுவட்டார மலைகளில் உள்ள மலையாளிகள் தங்களைக் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி என்று சொல்லிக்கொள்கிறார்கள். நாடு விடுதலையான பிறகும் பல வருஷம் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. தன் கதையைத் தானே சொல்ல அந்த மக்களுக்குக் கிடைத்த மேடை ரொம்பக் குறைவு. மற்றவர்கள் ஒட்டிய ஸ்டிக்கர்தான் நிலைத்தது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மெத்தனால் என்பது தொழிற்சாலை ரசாயனம். மலையில் எந்த மரத்திலும் காய்ப்பதில்லை. ஆனால் அந்த வாரம் டிவியைத் திறந்தவர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது என்ன? மலையில் ஊறல் அழிக்கும் காட்சி. மலையில் சாராயம் காய்ச்சுவது நடக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒரு சிலர் செய்த தொழிலை ஒரு மலைக்கே சின்னமாக ஒட்டினார்கள் பாருங்கள், அது டேப் ரெக்கார்டரைக் கெட்ட கட்சியில் சேர்த்த அதே வேலை. அதற்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களுக்கு ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்ன நிலையில் இருக்கின்றன என்று விசாரித்தது. அந்தச் செய்தி எத்தனை பேர் நினைவில் இருக்கிறது?

ஆங்கில அரசு 1871-ல் குற்றப் பழங்குடிச் சட்டம் என்று ஒன்று போட்டு, பிறக்கும்போதே குழந்தையைக் 'கெட்ட கட்சி'யில் சேர்த்தது. 1952-ல்தான் நாடு முழுக்க அது ஒழிந்தது. அந்தப் பட்டியலில் இருந்த சமூகங்களைக் கேட்டால், தேய்த்தாலும் போகாத ஒட்டு எது என்று சொல்வார்கள்.

பொம்மைக்கு வில்லனே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வில்லன் இல்லாவிட்டால் பாதி விளையாட்டு சப்பென்று போய்விடும். கோப்ராக்காரர்களின் உடையும் முகமூடியும் நல்லவர்களுடையதை விட அட்டகாசமாக இருக்கும் என்பதும் உண்மை. குறை எங்கே என்றால், பிறவியிலேயே ஒட்டப்பட்டு, பெட்டியைப் பிரிக்கும் முன்பே முடிவாகிவிடும் சின்னத்தில்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பிகளின் உளிக்கு ஆதிசேஷனின் படம் அத்துப்படி. சாமி சிலைக்கு நடுவே கொஞ்சம் நேரம் ஒதுக்கி, உள்ளங்கை அளவில் ஒரு செட் செய்து பார்க்கலாம். வில், புலி, கயல் என்று மூன்று கேடயங்கள். திருக்கோவலூர் மலையமானுக்கு ஒரு குதிரை. கூடவே கழற்றி மாட்டுகிற மாதிரி வெட்சி, கரந்தை, உழிஞை, நொச்சிப் பூக்கள், தும்பை மட்டும் எல்லோருக்கும் ஒவ்வொன்று, ஜெயித்தவனுக்கு ஒரு வாகை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பூவைக் கழற்றி எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் போதும். பாம்பு வேண்டுமென்றால் அதுவும் ஒன்று செதுக்கலாம், எந்தக் கட்சியிலும் சேர்க்காமல்.