மணவிலக்குத் தாளை ஏன் மறைக்கவேண்டும்?

இந்தப் பக்கத்தில் வழக்கமாக நான் எழுதுவது பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றியும், வல்லினம் மிகும் இடங்களைப் பற்றியும்தான். இன்று எழுதப்போவது வேறு. சில மாதங்களுக்கு முன் நடந்த ஒன்று மனத்தை விட்டு அகலாமல் இருப்பதால் எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை மாலை. ஃபேரர் பார்க்கில் ஓவன் சாலைக் காப்பிக்கடையில் அமர்ந்து கட்டுரைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். என் முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார் வந்து எதிரில் அமர்ந்தார். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். நான் அவரை அக்கா என்றுதான் அழைப்பேன். கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் பழுப்பேறிய காகிதங்கள்.

"டீச்சர், கோர்ட்டுக்கு ஒரு லெட்டர் எழுதித் தரணும். வேற யார்கிட்டயும் கேக்க முடியல" என்றார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

அவருக்கு 1999ஆம் ஆண்டில் மணவிலக்கு ஆயிற்று. தனியாகவே நின்று மகனைப் படிக்கவைத்து ஆளாக்கினார். இப்போது மனைவியை இழந்த நல்ல மனிதர் ஒருவர் அவரை மணந்துகொள்ள விரும்புகிறார். மகனுக்கும் முழுச் சம்மதம். ஆனால் திருமணத்தைப் பதிவு செய்ய முந்தைய மணம் முடிந்துவிட்டதற்கான சான்று வேண்டும். அக்கா பையிலிருந்து எடுத்து நீட்டிய தாளைப் படித்தபோது எனக்கு உள்ளூர அச்சம் தோன்றியது. அது முதற்கட்ட ஆணை மட்டுமே. அந்நாளில் அதை 'டிக்ரீ நைசை' என்பார்கள். அதன்பின் குறைந்தது மூன்று மாதம் கழித்து, அதை உறுதியாக்கும் இரண்டாவது சான்றிதழ் பெறவேண்டும். அது அந்தப் பையில் இல்லை.

இரண்டாவது தாள் ஒருகாலும் பெறப்படவில்லை என்றால், இத்தனை ஆண்டுகளும் அக்கா சட்டப்படி மணமானவராகவே இருந்திருக்கிறார் என்று பொருள். புதிய மணம் செல்லாது. அவருக்கு நான் அதை எப்படிச் சொல்வது?

சொன்னேன். கடிதமும் எழுதினோம். நல்லவேளையாக, அவர் வைத்திருந்த முதல் தாளின் மேற்பகுதியில் வழக்கு எண்ணும் ஆண்டும் தெளிவாக இருந்தன. அவற்றைக் குறிப்பிட்டு, கட்டணம் செலுத்தி, சான்றளிக்கப்பட்ட நகலுக்கு விண்ணப்பித்தார். சில வாரங்களில் நகல் கிடைத்தது. இரண்டாவது சான்றிதழ் 2000ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டிருந்தது! அப்போது அக்கா அண்ணன் வீட்டில் தங்கியிருந்தார். அங்கு அஞ்சலில் வந்த தாளை அண்ணன் கிழித்துப் போட்டிருக்கிறார். "இந்த மாதிரிக் காகிதமெல்லாம் வீட்டுல இருக்கக்கூடாது" என்பது அவர் எண்ணம். தங்கைக்கு நன்மை செய்வதாகவே நினைத்திருக்கிறார்.

அந்த அண்ணனைக் குறைசொல்வது என் நோக்கமன்று. நம்மில் பலரும் அவரைப்போலத்தான் நடந்துகொள்கிறோம். திருமணச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுகிறோம். பிள்ளையின் தேர்வுச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையிட்டுக் காக்கிறோம். மணவிலக்குத் தாளை மட்டும் தீட்டுப்பட்ட பொருளாக நடத்துகிறோம். இது தவறு என்பதே என் கருத்து. ஒருவர் தம் வாழ்க்கையை மீண்டும் தொடங்குவதற்கு உரிமை தரும் தாள் அது.

இந்தத் தயக்கத்திற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. சிங்கப்பூரில் மாதர் சாசனம் 1961 செப்டம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் இந்து முறைப்படியோ சீன முறைப்படியோ நடந்த பல திருமணங்களுக்கு எந்தப் பதிவும் இல்லை. கோயிலில் தாலி கட்டினால் மணம். பிரிவதென்றால் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பார்கள். தாள் என்ற ஒன்று குறுக்கே வந்ததே இல்லை. சாசனம் அந்தப் பழைய மணங்களைச் செல்லாதென்று தள்ளிவிடவில்லை. முறைப்படி நடந்திருந்தால் அவை பதிவு செய்யப்பட்டவையாகவே கருதப்படும் என்றது. ஆனால் அந்நாள் முதல், முஸ்லிம் அல்லாதார் மணத்தைப் பிரிக்க நீதிமன்ற ஆணை வேண்டும் என்றாயிற்று. ஊர்ப் பெரியவர் சொல்லுக்குச் சட்ட வலிமை இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் "பெரியவங்க முன்னால பேசித் தீத்தாச்சு" என்று சொல்லும் குடும்பங்களை நான் அறிவேன். பேசித் தீர்த்தது மனத்திற்கு ஆறுதல் தரலாம். சட்டப்படி அந்த மணம் அப்படியே இருக்கிறது.

இனி, தாள் எங்கே இருக்கும் என்பதைப் பார்ப்போம். பலர் நேரே திருமணப் பதிவகத்திற்குப் போய்க் கேட்கிறார்கள். அங்கே இருப்பது மணப்பதிவு. மணவிலக்கு நீதிமன்றத்தில் நடந்தது. அதன் கோப்பும் நீதிமன்றத்தைச் சேர்ந்ததே. எந்த நீதிமன்றம் என்பது ஆண்டைப் பொறுத்தது. 1996 வரை மணவிலக்கு வழக்குகள் உயர் நீதிமன்றத்தில் நடந்தன. அவ்வாண்டில் அவை குடும்ப நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டன. 2014 அக்டோபரில் குடும்ப நீதிமன்றங்கள் தனியமைப்பாயின. ஆகவே முதலில் ஆண்டை நினைவுகூருங்கள். அடுத்து வழக்கு எண்ணைத் தேடுங்கள். எண் இல்லாவிட்டால், இருவரின் முழுப்பெயர், அடையாள அட்டை எண், மணம் நடந்த நாள் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்று வழக்காடிய வழக்கறிஞரின் பெயரும் உதவும். முஸ்லிம் அன்பர்கள் 1958 முதல் இயங்கிவரும் ஷரியா நீதிமன்றத்தை நாடவேண்டும்.

தாளின் பெயரையும் சரியாகக் கேட்கவேண்டும். பழைய 'நைசை' இப்போது இடைக்காலத் தீர்ப்பு. பழைய 'ஆப்சல்யூட்' என்பதன் இடத்தில் இருப்பது, இடைக்காலத் தீர்ப்பு இறுதியானதற்கான சான்றிதழ். மூன்று மாதமும் கடந்து, பிள்ளைகள், வீடு, பராமரிப்புத் தொகை பற்றிய முடிவுகளும் முடிந்த பிறகே இச்சான்றிதழ் கிடைக்கும். மறுமணத்திற்கு வேண்டியது இதுதான். இதற்கென்று விண்ணப்பிக்கவேண்டும், மாதங்கள் கடந்தால் தானாக வந்துவிடாது. அக்காவைப்போல முதல் தாளோடு நின்றுவிடுகிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

நம் மக்கள் ஒரே நாட்டில் வாழ்வதில்லை. மணம் கும்பகோணத்தில், பிரிவு சிங்கப்பூரில், மறுமணம் சிட்னியில் என்று ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் நடந்த மணவிலக்கானால், தீர்ப்பளித்த குடும்பநல நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ நகல் மனுப் போடவேண்டும். இந்து திருமண வழக்குகளுக்கு 'எச்.எம்.ஓ.பி.' எண் என்று ஒன்று இருக்கும். அதைக் குறித்து வைத்திருங்கள். தீர்ப்பு வேறு, தீர்ப்பாணை வேறு. இரண்டின் சான்றிட்ட நகலையும் வாங்கிவிடுங்கள். மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் உண்டு; அது கழிவதற்குள் மறுமணம் கூடாது. முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்ட பிரிவு ஒப்பந்தத்தை மணவிலக்கு என்று நம்பிவிடாதீர்கள். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் சமூக வழக்கப்படியான மணவிலக்கை ஏற்கிறது என்பது உண்மையே. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தம் சமூகத்தில் இருப்பதை நிறுவவேண்டிய பொறுப்பு அதைச் சொல்கிறவருடையது.

இங்கே பெற்ற தாளை இந்தியாவில் காட்டவேண்டுமானால் 'அப்போஸ்டில்' முத்திரை வேண்டும். அந்த உடன்படிக்கை இந்தியாவில் 2005 முதலும் சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் முதலும் நடப்பில் உள்ளது. இங்கே முத்திரை வழங்குவது சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லா. முத்திரை, தாள் உண்மையானது என்பதற்குத்தான் உறுதி. வெளிநாட்டு மணவிலக்கை இந்தியா எப்போது ஏற்கும் என்பதற்கு இந்திய உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பில் தனியே வரையறை தந்திருக்கிறது. ஐயம் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்பதே நல்லது.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்களுக்கு வேறு வகைத் தொல்லை. அங்கே மணவிலக்கு எந்த மாவட்டத்தில், அதாவது 'கவுண்டி'யில், வழங்கப்பட்டதோ அந்த நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில்தான் முழு ஆணையின் நகல் கிடைக்கும். கலிஃபோர்னியா மாநில அலுவலகம் 1962 முதல் 1984 ஜூன் வரையிலான மணவிலக்குகளுக்கு மட்டும் ஒரு பதிவுச் சான்று தரும். ஆணையின் நகலைத் தராது. இங்கிலாந்தும் வேல்சும் இதற்கு நேர்மாறு. 1858 முதலான மணவிலக்குகளுக்கு மையச் சுட்டி ஒன்றுண்டு. வழக்கு எண் தெரியாதவரும் பெயரைக்கொண்டு தேடச் சொல்லலாம்.

அமெரிக்காவின் பல இடங்களில் பிறருடைய மணவிலக்குப் பதிவையும் எவரும் கேட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூரில் அப்படி இல்லை. குடும்ப வழக்குக் கோப்புகள் வழக்கில் தொடர்புள்ளவர்களுக்கு உரியவை. இங்கும் திறந்துவிட்டால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். மணமகன் 'மணவிலக்கானவர்' என்று சொல்லிக்கொள்கிறான். அது மெய்யா என்று பெண்வீட்டார் எப்படி அறிவது என்பது அவர் வாதம். நியாயமான கவலைதான். ஆயினும் நான் மூடிய கோப்பின் பக்கமே நிற்பேன். சிராங்கூன் சாலையின் ஒரு முனையில் சொன்ன செய்தி மறுமுனைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது நமக்குத் தெரியும். ஒரு பெண் நீதிமன்றத்தில் கண்ணீரோடு சொன்னவை கல்யாணத் தரகரின் கைக்குப் போகக்கூடாது.

அப்படியானால் பெண்வீட்டார் செய்யக்கூடியது ஒன்றுதான். கேட்கவேண்டும். "தம்பி, இறுதிச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டுங்கள்" என்று நேரே கேட்கவேண்டும். சாதகத்தைக் கேட்கிறோம், சம்பளச் சீட்டைக் கேட்கிறோம், இதைக் கேட்க மட்டும் நாக்கு எழுவதில்லை. கேட்டால் அவமதிப்பு என்று நினைக்கிறோம். உண்மையிலேயே மணவிலக்குப் பெற்றவருக்கு அதைக் காட்டுவதில் எந்த இழிவும் இல்லை. அந்த இறுதிச் சான்றிதழைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதில் பெயர்களும் வழக்கு எண்ணும் நாள்களும் இருக்கும், யார் கெட்டவர், யார் நல்லவர் என்ற கதை இருக்காது. 2024 ஜூலை முதல், மணவாழ்க்கை மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்று இருவரும் உடன்பட்டு, ஒருவர்மீது ஒருவர் பழி சுமத்தாமலே மணவிலக்குக் கோரவும் இங்கு வழி வந்துவிட்டது. சட்டம் பழி தேடுவதைக் குறைத்துக்கொள்ளும்போது நாம் ஏன் கூட்டிக்கொள்ளவேண்டும்?

தமிழாசிரியை என்பதால் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'விவாகரத்து' என்பது பழகிப்போன சொல். எனக்கு அது பொருத்தமாகப் படுவதில்லை. ரத்து செய்யப்பட்ட பயணம் நடக்காத பயணம். மணவிலக்கு அப்படியன்று. மணம் நடந்தது, அதில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகள், பிறகு ஒரு நாளில் அது முடிந்தது. அந்த நாளைத்தான் தாள் சொல்கிறது. 'மணவிலக்கு' என்று சொல்லிப் பழகினால் தாளைப் பார்க்கும் பார்வையும் சற்று மாறும் என்று நம்புகிறேன்.

இந்நிலையில் உள்ளவர்களுக்கு என் வேண்டுகோள்கள் சில. இறுதிச் சான்றிதழ் கைக்கு வந்தவுடனேயே சான்றளிக்கப்பட்ட நகல்கள் இரண்டை வாங்குங்கள். ஒன்றைப் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். மற்றொன்றை நம்பகமான ஒருவரிடம் கொடுங்கள். வழக்கு எண்ணைத் தனியே குறித்து வையுங்கள். மத்திய சேமநிதி நியமனத்தையும் உயிலையும் ஒருமுறை பாருங்கள்; மணவிலக்கு அவற்றைத் தானாக மாற்றிவிடாது. வீட்டில் ஒருவருக்கு இத்தகைய தாள் வந்தால், அதை அவர் கையில் கொடுங்கள். அதை வைத்திருப்பதா எறிவதா என்று முடிவுசெய்யும் உரிமை நமக்கு இல்லை.

நம் அமைப்புகளிடமும் ஒன்று கேட்பேன். கோயில்களிலும் சமூக மன்றங்களிலும் பட்டிமன்றத்திற்கும் பட்டாடைப் போட்டிக்கும் இடம் இருக்கிறது. மாதம் ஒரு மாலை, ஆங்கிலப் படிவம் நிரப்பத் தெரிந்த தொண்டூழியர் இருவர் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும். அக்காவைப் போன்றவர்கள் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு காப்பிக்கடைக்கு வரவேண்டிய தேவை இருக்காது.

அக்காவின் திருமணப் பதிவு சென்ற மாதம் எளிமையாக நடந்தேறியது. மகன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். அன்று அக்காவின் கைப்பையில் இரண்டு தாள்களும் ஒரே உறையில் இருந்தன. இம்முறை அவர் யாரையும் திரும்பிப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார்.