ஊசி அப்புறம்... முதல்ல நோயோட பேரைக் கேளுங்க!

பேராவூரணிப் பக்கத்துத் தென்னை விவசாயி யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ‘அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடியுதே, என்ன செய்வீங்க?’ என்று. ‘துணியால துடைச்சு விட்டா போச்சு’ என்று எவராவது சொல்வாரா? மாட்டார். இது தஞ்சாவூர் வாடல் நோயா, வேறு சாறு வடிதல் நோயா என்று நாலு பேரிடம் விசாரிப்பார். வேளாண்மை ஆபீஸுக்கு நடப்பார். ஏனென்றால், வெளியே தெரிவது ஒன்று போல இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு வேறு என்பது அவருக்குத் தெரியும்.

அதே மனிதர், வீட்டில் சம்சாரத்துக்கு ஒரு மாதமாகச் சாயங்காலக் காய்ச்சல் என்றால் என்ன சொல்கிறார்? ‘ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போகணும்!’

மரத்துக்குக் காட்டுகிற அக்கறையை மனுஷ உடம்புக்கும் காட்டுங்கள்... நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

விட்டு விட்டுக் காய்ச்சல், உடம்பு இளைப்பது, கழுத்தில் நெறி கட்டியது போல வீக்கம், ஓயாத அசதி. இந்த நான்கையும் வைத்து நோய்க்குப் பெயர் சொல்ல முடியுமா? முடியாது. நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது காசநோய். ஆனால், நிணநீர்ச் சுரப்பிகளில் வரும் ‘லிம்போமா’ என்ற புற்றுநோயும் இப்படித்தான் ஆரம்பிக்கும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குகிற ‘லூப்பஸ்’ நோயும் இதே வேஷத்தில் வரும். முதலாவதற்கு மாதக்கணக்கில் மாத்திரை. இரண்டாவதற்குக் கீமோதெரபி. மூன்றாவதற்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து. ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்!

வாய்ப்புண்ணும் அப்படியே. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவருக்குப் புண் வந்தால், ‘சுண்ணாம்பு பொத்துடுச்சு’ என்று விட்டுவிடுவார். வலி இல்லாததால் கவலையும் இல்லை. ஆனால், வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. லூப்பஸில் வரும் வாய்ப்புண்ணும் பல நேரம் வலிக்காது. ‘வலிக்கலையே’ என்பது தைரியம் கொள்ளக் காரணமே இல்லை.

சரி, அந்த ‘ஒரு ஊசி’யில் என்ன தப்பு?

உடனே சுகம் தரும் ஊசிகளிலும் மாத்திரைகளிலும் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கிறது. அது நல்ல மருந்துதான். லூப்பஸ் நோயாளிக்கு உயிரையே காப்பாற்றும். ஆனால், பெயர் தெரியாத நோய்க்குக் கொடுத்தால் வினை. காய்ச்சல் இறங்கும், மூட்டுவலி போகும், பசி எடுக்கும். லிம்போமா கட்டிகூடக் கொஞ்ச நாளைக்குச் சுருங்கிவிடும். அந்த நேரத்தில் சதை எடுத்துப் பார்த்தால், நோய் தெரியாமலே போகலாம். காசநோயாக இருந்தால் உள்ளுக்குள் பரவவும் விட்டுவிடும். சாறு வடிவதைத் துடைத்தாயிற்று, மரம் உள்ளே மக்குகிறது! (ஏற்கெனவே பல நாளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அது ஆபத்து. டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.)

இன்னொரு பயம், ‘கட்டியில கத்தி பட்டா பரவிடும்’ என்பது. எத்தனை பேரை இந்த ஒரு வார்த்தை வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறது! முறைப்படி செய்யும் ஊசிப் பரிசோதனையாலோ, சதைப் பரிசோதனையாலோ புற்றுநோய் பரவுவது மிக மிக அரிது. எந்த இடத்தில் கவனம் வேண்டும் என்பது டாக்டர்களுக்குத் தெரியும். பரிசோதனை செய்யாமல் கடத்தும் மாதங்களில்தான் நோய் பரவுகிறது.

ரத்தப் பரிசோதனை ஒன்றே போதும் என்றும் நினைக்காதீர்கள். லூப்பஸுக்குப் பார்க்கும் ‘ஏ.என்.ஏ.’ சோதனை, நோயே இல்லாத சிலருக்கும் பாசிட்டிவ் என்று வரும். டாக்டர் உங்கள் கதையையும் கேட்டு, சிறுநீரையும் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். அதனால் போகும்போது இவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்:

* தொந்தரவு ஆரம்பித்த தேதி. வாய்ப்புண், குரல் கம்மல், கட்டி எதுவானாலும் இரண்டு, மூன்று வாரத்தைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது.

* எடை. 60 கிலோ இருந்தவர், சாப்பாட்டைக் குறைக்காமலே ஆறு மாதத்தில் 6 கிலோ இளைத்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

* இதுவரை போட்ட ஊசி, சாப்பிட்ட மாத்திரை எல்லாம். பழைய சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

* வெயில் பட்டால் முகத்தில் சிவப்பு, முடி கொட்டுதல், காலையில் விரல் மடக்க முடியாமை, ராத்திரி துணி நனையும் வியர்வை, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு. கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

சில நோய்களில் அறிகுறி வரும்வரை காத்திருக்கவே வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கி, கிராமத்துப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைப் பயிற்சி பெற்ற நர்ஸுகளே செய்தார்கள். 2007-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? சோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவிகிதம் குறைந்திருந்தது! இன்று 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இந்தச் சோதனை இலவசம்.

‘தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா ஒருநாள் கூலி போச்சே’ என்பீர்கள். நியாயமான கவலைதான். கடைமடைக்காரருக்கு ஒருநாள் கூலியின் அருமை தெரியும். ஆனால், வாராவாரம் ஊசிக்குக் கொடுக்கும் காசைக் கூட்டிப் பாருங்கள், கணக்கு புரியும்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊசி கேட்கிறார் என்பதற்காகப் போடாதீர்கள். இரண்டு தடவை மருந்து கொடுத்தும் கேட்கவில்லையா, மூன்றாவது தடவை கடிதம் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

வாசகர்களே, அடுத்த தடவை டாக்டர் எதிரே உட்காரும்போது ‘ஊசி போடுங்க’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘இது என்னவா இருக்கும்? அதை எப்படி உறுதி பண்றது?’ என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை!