வெள்ளிக் கூஜாவின் பக்கத்தில்
பால்டிமோரில் 1992-இல் நடந்த ஒரு கண்காட்சியில் கலைஞர் ஃபிரெட் வில்சன் வைத்த கண்ணாடிப் பேழையின் படத்தை இந்த வாரம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். பூவேலைப்பாடு மின்னும் வெள்ளிக் கூஜாக்கள், கோப்பைகள். அவற்றின் நடுவே அடிமைகளுக்கு மாட்டிய இரும்பு விலங்கு. சீட்டில் ‘உலோக வேலை, 1793–1880’ என்பதோடு சரி. வில்சன் புதிதாக எதையும் வார்த்துக்கொண்டு வரவில்லை. இரண்டுமே மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பில் ஏற்கெனவே இருந்தவைதான். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவே. அந்த வெள்ளியில் விருந்து நடந்த வீட்டுக்கு அந்த இரும்பு அந்நியமல்ல என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல வேறு எந்த விளக்கவுரையாலும் முடிந்திருக்காது. ஆனால் என்னை இன்னும் உறுத்துவது அதே கண்காட்சியின் பீடங்கள். ஒருபுறம் நெப்போலியன், அமெரிக்க அரசியல் தலைவர்கள் ஹென்றி கிளே, ஆண்ட்ரூ ஜாக்சன் ஆகியோரின் மார்பளவுச் சிலைகள். மூவரில் ஒருவர்கூட மேரிலாந்துக்காரர் இல்லை. மறுபுறம் கறுப்பின ஆளுமைகளான ஹாரியட் டப்மன், ஃபிரெடெரிக் டக்ளஸ், பெஞ்சமின் பானெகர் என்ற பெயர்கள் மட்டும் தாங்கிய கறுப்புப் பீடங்கள். மூவரும் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். பீடங்களின் மேல் ஒன்றுமில்லை.