மடக்கினாலும் சுருங்காத செலவு: மலிவு மின்சைக்கிளின் முழுக் கணக்கு

முதல் ரயில் புறப்படும் முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டிய துப்புரவாளர், கடைசி பேருந்து போன பிறகு கடை அடைக்கும் உணவக ஊழியர், நாள் முழுவதும் உணவு விநியோகம் செய்பவர் ஆகிய மூவரும் கைப்பேசியில் ஒரே பொருளைத் தேடுகிறார்கள். மடக்கி வீட்டு மூலையில் வைக்கக்கூடிய, விலை குறைந்த மின்சைக்கிள். திரையில் பல மாடல்கள் வந்து நிற்கின்றன. அவற்றில் சில பாதி விலைக்குக் கிடைக்கும். சிங்கப்பூரில் தொல்லை தொடங்குவது பெரும்பாலும் அந்தப் பாதி விலையில்தான்.

இங்கே மின்சைக்கிள் என்பதற்குச் சட்டத்தில் இறுக்கமான பொருள் உண்டு. மோட்டாரின் திறன் 250 வாட்டைத் தாண்டக்கூடாது. பேட்டரியோடு சேர்த்து எடை 20 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும். கால் பெடலை மிதித்தால் மட்டுமே மோட்டார் உதவ வேண்டும். கைப்பிடியைத் திருகினாலே ஓடும் ஆக்சிலேட்டர் இருந்தால் அது அனுமதிக்கப்பட்ட மின்சைக்கிள் ஆகாது. ஐரோப்பாவின் இஎன் 15194 தரநிலைக்கு உட்பட்டு, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு நிற முத்திரை பெற்று, உரிமையாளர் பெயரில் பதிவாகி, பின்னால் எண் தகடும் மாட்டியிருக்க வேண்டும். பதிவு முறை 2017 ஆகஸ்ட்டில் தொடங்கியது. ஓட்டுபவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் இணையவழி எழுத்துத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான். இந்தியாவிலும் அதே 250 வாட், அதே 25 கிலோமீட்டர்தான் எல்லை. ஆனால் அந்த எல்லைக்குள் இருக்கும் வண்டிக்கு அங்கே பதிவும் தேவையில்லை, ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. ஊரில் எண் தகடு இல்லாமல் சுதந்திரமாக ஓடும் வண்டியை இங்கே சாலையில் இறக்கினால் வண்டி பறிமுதலாகும், வழக்கும் வரும். "ஊரில் எல்லாரும் ஓட்டுகிறார்களே" என்ற நியாயம் இங்கே எடுபடாது.

இத்தனை கெடுபிடிக்குப் பின்னணியாக 2019ஆம் ஆண்டு இருக்கிறது. அந்த ஜூலையில் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீடு ஒன்றில் தனிநபர் நடமாட்டச் சாதனங்கள் தொடர்பான தீயில் ஓர் ஆடவர் உயிரிழந்தார். செப்டம்பரில் பிடோக்கில் மின்ஸ்கூட்டர் மோதியதில் சைக்கிளில் சென்ற 65 வயது மாது மாண்டார். நவம்பர் 5ஆம் தேதி முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் ஓட்டத் தடை வந்தது. அதை நம்பிப் பிழைத்த உணவு விநியோக ஊழியர்களுக்கு அரசாங்கமும் விநியோக நிறுவனங்களும் சேர்ந்து 7 மில்லியன் வெள்ளி மதிப்பிலான மாற்று உதவித் திட்டத்தை அறிவித்தன. பலர் மின்சைக்கிளுக்கு மாறியது அப்போதுதான். மின்சைக்கிளுக்கு நடைபாதையில் இடமில்லை என்பதோ அதற்கு முன்பிருந்தே உள்ள விதி. ஸ்கூட்டரை விட்டுச் சைக்கிளுக்கு வந்தவர்கள் நடைபாதையிலிருந்து நேராகப் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே வந்து நின்றார்கள்.

வாங்குவோர் அதிகம் யோசிக்க வேண்டியது பேட்டரியைப் பற்றி. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி கொண்ட சாதாரண பேட்டரியை முழுதாக மின்னூட்ட ஏறத்தாழ மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம் போதும். இன்றைய கட்டணத்தில் பத்துப் பன்னிரண்டு காசுதான். விற்பனையாளர்கள் இந்தக் கணக்கைத்தான் முதலில் காட்டுவார்கள். ஆனால் லித்தியம் பேட்டரி சில நூறு முறை மின்னூட்டிய பிறகு தளர ஆரம்பிக்கும். தினமும் ஓட்டுபவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் புது பேட்டரி தேவைப்படும். அதற்குச் சில நூறு வெள்ளி ஆகும். வாங்கும்போதே அந்த மாடலின் பேட்டரி தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்பவர்கள் குறைவு. கிடைக்காதபோதுதான் எங்கிருந்தோ வந்த மலிவு பேட்டரியையும் பொருந்தாத சார்ஜரையும் தேடிப் போகிறார்கள். அதிக தூரம் ஓடவேண்டும் என்பதற்காகக் கூடுதல் பேட்டரியை ஒட்டவைப்பவர்களும் உண்டு.

விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. நடமாட்டச் சாதனங்கள் தொடர்பான தீச்சம்பவங்கள் 2023ல் 55 ஆக இருந்து 2024ல் 67 ஆகக் கூடியதாகக் குடிமைத் தற்காப்புப் படை தெரிவித்தது. 2021 ஜூனில் உட்லண்ட்சில் மின்தூக்கிக்குள் இத்தகைய சாதனம் ஒன்று தீப்பிடித்ததில் 20 வயது இளையர் உயிரிழந்தார். மின்தூக்கிக்குள் அகப்பட்டவர் ஓடுவதற்கு இடம் ஏது? நியூயார்க் நகரில் லித்தியம் பேட்டரித் தீயில் 2023ல் மட்டும் 18 பேர் மாண்டனர். அங்கும் பலியானவர்களில் பலர் நெருக்கமான குடியிருப்புகளில் வசித்தவர்கள்.

நெருக்கமான குடியிருப்பு என்றதும் லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் நினைவுக்கு வரும். மேல்மாடி அறையில் நான்கைந்து பேர், ஒரே மின்செருகி, படிக்கட்டு வாசலில் மடக்கி வைத்த சைக்கிள். வேலை முடிந்து வந்து இரவில் மின்னூட்டிவிட்டுத் தூங்குவதுதான் வழக்கம். இரவு முழுவதும் மின்னூட்டக்கூடாது, வெளியேறும் வழியில் வைக்கக்கூடாது என்று குடிமைத் தற்காப்புப் படை சொல்வது சரியே. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் உழைப்பவர் விழித்திருக்கும் நேரத்தில் எப்போது வண்டியை மின்னூட்டுவது என்ற கேள்விக்கு அந்த அறிவுரையில் பதில் இல்லை. வாசலை மறைக்காமல், கண் விழித்ததும் முதல் வேலையாக மின்னூட்டலாம். வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்தலாம். இதற்கு மேல் ஒரு வாடகை அறையில் செய்ய முடிவது கொஞ்சம்தான்.

மடக்கும் வசதியின் பலனையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டர் அளவுக்குள் அடங்கும் மடக்கு சைக்கிள்களை எம்ஆர்டியிலும் பேருந்திலும் எந்நேரமும் கொண்டுசெல்ல 2017ல் நிரந்தர அனுமதி கிடைத்தது. விளம்பரத்தில் மடங்கும் எல்லா வண்டியும் இந்த அளவுக்குள் வராது. அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். இருபது கிலோ என்பது ஐந்து கிலோ அரிசிப் பை நான்கு. காலை நெரிசலில் அதைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவது விளம்பரப் படம் போல் இருக்காது.

தெம்பனிசிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு டௌன்டவுன் பாதையில் நேரடி ரயில் உண்டு; கட்டணம் ஒருவழிக்கு ஏறத்தாழ இரண்டு வெள்ளி. முழுத் தூரத்தையும் சைக்கிளில் போனால் மாதம் நூறு வெள்ளி மிஞ்சும். ஆயிரம் வெள்ளி வண்டியின் விலை ஓராண்டுக்குள் திரும்பிவிடும். போகவர முப்பது கிலோமீட்டருக்கு மலிவு வண்டியின் சிறிய பேட்டரி திணறும், மழை நாளில் ரயில்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து நிலையம் வரை மட்டும் ஓட்டிவிட்டு ரயிலேறுபவருக்கு மிஞ்சுவது நேரம்தான், பணம் இல்லை. ரயில் இல்லாத நேரத்தில் வேலைக்குப் போகிறவருக்கோ ஒப்பிட வேண்டியது டாக்சிக் கட்டணத்தோடு. அவருக்கு இந்த வண்டி சில மாதங்களிலேயே விலையைத் திருப்பித் தந்துவிடும்.

பழைய வண்டி வாங்குவோருக்குத் தனி எச்சரிக்கை. ஆரஞ்சு முத்திரை ஒட்டியிருப்பது வாங்கிய அன்றைய நிலைக்குத்தான் சான்று. பிறகு யாராவது வேகத்தைக் கூட்டியிருந்தாலோ ஆக்சிலேட்டர் பொருத்தியிருந்தாலோ, பிடிபடும்போது பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுபவர். உரிமையை முறைப்படி மாற்றாமல் காசை மட்டும் கொடுத்து ஓட்டிவந்தால் வண்டி இன்னும் பழையவர் பெயரிலேயே இருக்கும். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் இன்னொன்றையும் மறக்கக்கூடாது: சொந்தப் பயணத்துக்கு ஓட்டலாம், நண்பரின் கணக்கில் உணவு விநியோகம் செய்வது குற்றம், வேலையே போய்விடும்.

இவ்வளவையும் சரியாகச் செய்தவருக்கும் சாலைச் சிக்கல் மிச்சம். 2030க்குள் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை என்பது அரசாங்கத்தின் இலக்கு. தெம்பனிஸ், அங் மோ கியோ போன்ற பேட்டைகளில் அதன் பலன் கண்கூடு. 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதையை ஒட்டிய பாதசாரிகளுக்கு மட்டுமான பாதையில் ஓட்டினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. பாதை பிரிக்கப்பட்ட இடத்தில் இந்த விதி நியாயமானது. நடக்கும் முதியவர்களுக்கு நிம்மதி. தேக்கா பக்கத்துப் பழைய தெருக்களில் பிரிப்பதற்கே அகலம் இல்லை. சிராங்கூன் சாலையின் ஐந்தடிப் பாதையில் பூக்கடையும் காய்கறிக் கூடையும் மக்கள் கூட்டமும் இருக்க, மின்சைக்கிள்காரர் தலைக்கவசத்தோடு பேருந்துக்குப் பின்னால் சாலையில்தான் போகவேண்டும். ஞாயிறு மாலை அந்தப் பகுதியில் ஓட்டிப் பார்த்தவர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மேல் என்பார்கள்.